சிலாஜித்: எவ்வளவு, எதோடு, யாருக்கு?

கேள்வி: வயது 48. ஈரோட்டில் சாயப்பட்டறை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். ஒரு வருடமாக உடம்பில் தெம்பே இல்லை. சாயங்காலம் ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வருகிறது, தாம்பத்தியத்திலும் நாட்டம் குறைந்துவிட்டது. ரிஷிகேஷ் போய் வந்த மைத்துனர் 20 கிராம் சிலாஜித் டப்பி ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். எப்படிச் சாப்பிடுவது? என் மனைவிக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகம், எப்போதும் களைப்பு. அவரும் சாப்பிடலாமா?

பதில்: டப்பியைத் திறக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரசாயனம் எனப்படும் காயகற்ப வகை மருந்து எதையும் தொடங்குமுன் உடலைச் சுத்தி செய்ய வேண்டும் என்பது ஆயுர்வேதத்தின் பழைய விதி. அழுக்குத் துணியில் சாயம் பிடிக்காது என்று அந்த நூல்களே சொல்கின்றன. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு அந்தச் சுத்தியில் பாதி, சோர்வுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

உங்கள் விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இது குறைவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். சைவ உணவுக்காரர் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, மறதி, நாக்கில் புண் இருந்தால் ரொம்பவே சந்தேகிக்கலாம். பி12 குறைவுக்கு ஊசியோ மாத்திரையோதான் தீர்வு, சிலாஜித் அதை ஈடு செய்யாது. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு (டிஎஸ்எச்), மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கிரியேட்டினின், வைட்டமின் டி, காலை பத்து மணிக்குள் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றையும் பாருங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாட்டம் குறைந்ததோடு விறைப்பும் குறைந்திருந்தால் அதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சர்க்கரை உள்ள ஆண்களுக்கு அது இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தெம்பு வரவில்லை என்றால்தான் சிலாஜித்துக்கு வேலை.

சிலாஜித் என்பது இமயமலை, அல்தாய் போன்ற மலைகளில் கோடை வெயிலில் பாறை இடுக்குகளிலிருந்து கசியும் கருப்பான பிசின். தாவரப் பொருள் பாறைக்குள் நெடுங்காலம் மக்கி உருவானது என்று கருதப்படுகிறது. மக்கிய தாவரப் பொருளில் இருக்கும் ஃபுல்விக் அமிலம், ஹ்யூமிக் அமிலம், பல தாதுக்கள் இதில் உண்டு. பழைய ஆயுர்வேத நூலாசிரியரான சரகர் பொன், வெள்ளி, தாமிரம், இரும்பு என நான்கு வகை சொல்லி இரும்பு வகையே சிறந்தது என்கிறார். இன்னொரு பழைய நூலாசிரியரான சுஸ்ருதர் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்து ஆறாக்குகிறார், நீரிழிவுச் சிகிச்சையில் இதை முக்கியமாக வைக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் கற்பூர சிலாசத்து என்று கேட்டால் வெள்ளையாகப் பளபளக்கும் படிகக் கல்லைத் தருவார்கள். அது பெரும்பாலும் ஜிப்சம். சித்த வைத்தியத்தில் அதற்குத் தனிப் பயன் உண்டு. இந்தக் கருப்புப் பிசினுக்கு மாற்று அல்ல. அதே பெயர்தானே என்று வாங்கிவிட வேண்டாம்.

இப்போது உங்கள் டப்பி. அது எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்பதைவிட அதன்மேல் உள்ள எழுத்துகள் முக்கியம்: ஆயுர்வேத மருந்து உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சுத்தி செய்யப்பட்டது என்ற குறிப்பு. இவை இல்லாத டப்பியைச் சாப்பிட வேண்டாம். இருந்தால், அதே பேட்ச் எண்ணுக்கான கன உலோகப் பரிசோதனை அறிக்கையை நிறுவனத்திடம் கேளுங்கள். இந்திய ஆயுர்வேத மருந்துகளுக்கான வரம்பு: ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அறிக்கையில் இந்த நான்கும் எண்ணாக இருக்க வேண்டும். "தேர்ச்சி" என்ற ஒற்றைச் சொல் போதாது. ஈயம் வரம்பின் உச்சியில் 10 பிபிஎம் இருந்தாலும், தினம் 500 மி.கி. சாப்பிட்டால் உடம்புக்குள் போவது 5 மைக்ரோகிராம். அறிக்கையில்லாத சரக்கில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதப் பொருட்கள் 70-ஐச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

கல்லாக, சுத்தி செய்யாமல் விற்கும் சரக்கை வாங்கி வீட்டில் சுத்தி செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முறை இதுதான்: பொடித்து, சூடான திரிபலா கஷாயத்தில் ஊறவைத்துக் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் நீரை வடிகட்டி வெயிலில் வைப்பார்கள், மேலே ஏடு கட்டும்போதெல்லாம் அதை வழித்து எடுத்துச் சேர்ப்பார்கள். இதில் மண்ணும் மணலும் போகும், நீரில் கரைந்த உலோகம் போகாது. எனவே வீட்டு முயற்சி வேண்டாம்.

கலப்படம் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளரில் சாதாரண நீர் எடுத்து, குண்டூசி முனையில் ஒரு மிளகளவு பிசினைத் தொட்டு நீரின் மேல்மட்டத்தில் பிடியுங்கள். நல்ல சரக்கு, கலக்காமலேயே பழுப்பு நூல் நூலாகக் கீழே இறங்கும். பத்து நிமிடத்தில் பெரும்பகுதி கரைந்து நீர் தேன் நிறமாகும். அடியில் மணல் நின்றால் சுத்தி சரியில்லை. எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, கரையாமல் உருண்டையாகவே கிடந்தாலோ தார் கலந்திருக்கும். கொட்டாங்கச்சித் தணலில் சிறு துளி போட்டால் புகையாமல் உப்பி மேலெழும்; தார் என்றால் உருகிக் கரும்புகை விடும், வெல்லப்பாகு என்றால் சர்க்கரை கருகும் வாசம் வரும். கோமிய வாசம் அடிப்பது குற்றம் இல்லை, அது இதன் இயல்பு. ஆனால் உர ஆலைகளுக்கான ஹ்யூமிக் அமிலத்தைக் கலந்திருந்தால் அதை இந்தச் சோதனைகளால் கண்டுபிடிக்க முடியாது, ஈயத்தையும் முடியாது. எனவே ஆய்வக அறிக்கைக்கு இவை ஈடாகா. "80 சதவீதம் ஃபுல்விக்" என்ற விளம்பரத்துக்கும் மயங்காதீர்கள். எந்த முறையில் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் தாறுமாறாக மாறும்.

அளவுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான், ஏனென்றால் பிசினைக் கண்ணால் அளக்கிறார்கள். ஒரு மிளகளவு உருண்டை சுமார் 100 மி.கி., காய்ந்த பட்டாணி அளவு சுமார் 250 மி.கி., பெரிய கொண்டைக்கடலை அளவுக்குப் போனால் அரை கிராமைத் தாண்டிவிடும். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் முதல் இரண்டு நாள் எடை போட்டுக் கண்ணைப் பழக்குங்கள். இன்னொரு கணக்கும் உண்டு: தினம் 250 மி.கி. என்றால் 20 கிராம் டப்பி 80 நாள் வரும், 500 மி.கி. என்றால் 40 நாள். பதினைந்து நாளில் தீர்ந்தால் தினம் 1.3 கிராம் போயிருக்கிறது.

தொடக்கத்தில் காலை உணவுக்குப் பின் 250 மி.கி. மட்டும், மூன்று வாரம். ஒத்துக்கொண்டால் இரவு உணவுக்குப் பின் இன்னொரு 250. அதற்கு மேல் வேண்டாம். சரகர் பலம், கர்ஷம் என்ற பழைய எடைகளில் சொல்லும் அளவு, இன்றைய கணக்கில் 12 முதல் 48 கிராம் வரை போகிறது. அதைப் படித்துவிட்டு அளவைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது வைத்தியரின் கண் முன்னால், பால் உணவோடு நடந்த சிகிச்சை. அவர் சொன்ன நீண்ட கால அளவு ஏழு வாரம், நம்முடைய ஒரு மண்டலத்துக்கு ஒரு நாள்தான் கூட.

அனுபானம், அதாவது மருந்தைக் கலந்து குடிக்க, வெதுவெதுப்பான சர்க்கரை போடாத பால் 100 முதல் 150 மி.லி. பால் ஒத்துவராவிட்டால் வெந்நீர். கொதிக்கும் பாலில் போடாமல், கை பொறுக்கும் சூட்டில் கரையுங்கள். டீ, காபியோடு வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை எடுக்கும் நிலை வந்தால் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் விடுங்கள். மழை, பனிக் காலத்தில் பிசின் இறுகினால் மூடியோடு டப்பியை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகும். எடுக்கும் ஸ்பூன் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பத்தியத்தில் ஈரோட்டுக்காரருக்குக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது: கொள்ளு. சிலாஜித் சாப்பிடுபவர் கொள்ளைத் தொடக்கூடாது என்கிறார் சரகர். கல்லை உடைக்கும் குணம் கொண்டது, கல்லில் பிறந்த மருந்தின் வேலைக்கு எதிராக நிற்கும் என்பது காரணம். இன்னொரு ஆயுர்வேத நூலாசிரியரான வாக்படர் மணத்தக்காளியையும் புறாக்கறியையும் சேர்க்கிறார். இதை ஆய்வகத்தில் நிறுவிய சான்று இல்லை. ஆனாலும் எட்டு வாரம் கொள்ளு ரசத்தையும் கொள்ளுப் பருப்பையும் நிறுத்தி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. புளிப்பும் காரமும் மிகுந்ததையும் மதுவையும் குறைப்பதுதான் அதைவிடப் பலன் தரும்.

உங்கள் மாத்திரைகளோடு சேரும்போது கவனம் தேவை. மெட்ஃபார்மின் தனியாக என்றால் பயம் குறைவு. கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்தும், சிலாஜித்தும் அதே திசையில் தள்ளக்கூடும். முதல் மூன்று வாரம், வாரம் இருமுறை வெறும் வயிற்றிலும் மதிய உணவுக்கு முன்னும் பாருங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு மருத்துவரிடம் பேசி மாத்திரை அளவை முடிவு செய்யுங்கள். ஆம்லோடிபினோடு எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். சந்திரப்ரபா வடி என்ற ஆயுர்வேத மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் அதிலேயே சிலாஜித் கணிசமாக உண்டு, இரண்டையும் சேர்க்காதீர்கள். அரிப்பு, தடிப்பு, தொடர்ந்த தலைவலி, வயிற்றெரிச்சல் வந்தால் நிறுத்திவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு, உடலில் இரும்பு சேரும் நோய், தலசீமியா உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

என்ன எதிர்பார்க்கலாம்? சுத்தி செய்த சாற்றை 45 முதல் 55 வயது ஆரோக்கியமான ஆண்களுக்கு 250 மி.கி. இரு வேளையாக 90 நாள் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் கூடியதாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் பயன்பட்டது ஒரு குறிப்பிட்ட தரப்படுத்திய சாறு. கடையில் கிடைக்கும் எந்தப் பிசினுக்கும் அந்தப் பலனை ஒட்டவைக்க முடியாது, ஆய்வில் பங்கேற்றவர்களில் உங்களைப் போலச் சர்க்கரை நோயாளிகளும் இல்லை. பலன் இருந்தால் ஆறு, எட்டு வாரத்தில் மெதுவாகத் தெரியும். எட்டு வாரத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அளவைக் கூட்டாமல் நிறுத்துங்கள். தெரிந்தாலும் இரண்டு வாரம் விட்டுப் பார்த்துப் பிறகு முடிவு செய்யுங்கள். மாறாக, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து, விறைப்பு வந்து, மூக்கடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். வயாகராவில் உள்ள சில்டெனாஃபில் கலந்திருக்கலாம், வீரியம் கூட்டும் என்று விற்கும் பொருட்களில் இது மறைத்துக் கலக்கப்படுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் மனைவிக்கு இப்போது சிலாஜித் வேண்டாம். மாதவிடாய்ப் போக்கு அதிகம் என்றால் இரும்பு இழப்பே களைப்புக்கு முதல் காரணமாக இருக்கும். ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிட்டு, மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் செய்து போக்கு ஏன் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நார்த்திசுக் கட்டி இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை உண்டு. 250 மி.கி. சிலாஜித்தில் உள்ள இரும்பு மிகக் கொஞ்சம், இரும்புச் சத்து மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. சத்து சரியாகி, போக்கும் கட்டுக்குள் வந்த பிறகும் தெம்பில்லை என்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆயுர்வேத மருத்துவரைப் பார்த்து, அதே 250 மி.கி.யில் தொடங்கலாம்.