விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகன் பாஸ்டன் தேநீர் விருந்து (அமெரிக்கா பிரிட்டன் ஆட்சியில் இருந்தபோது 1773-ல் அங்கே நடந்தது) ப்ராஜெக்டில், "பிரிட்டன் தேயிலை வரியை ஏற்றியதால் மக்கள் அதைக் கடலில் கொட்டினார்கள்" என்று எழுதினான். "வரி ஏறவே இல்லை" என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: டீச்சர் சொன்னது சரிதான். ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் என்ற அந்த வரி 1767-லேயே வந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 1770-ல் கண்ணாடி, காகிதம், பெயின்ட் மீதான வரிகளை எடுத்தவர்கள், வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டுவதற்காகவே தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

1773-ல் வந்த தேயிலைச் சட்டம் விலையைக் குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி (ஆமாம், சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான்) அப்போது கடனில் தத்தளித்தது, லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்திருந்தது. கம்பெனியைக் கைதூக்கிவிட, அது இங்கிலாந்தில் கட்டவேண்டிய வரியைத் தள்ளுபடி செய்து, தனக்கு வேண்டிய சில ஏஜென்டுகள் மூலம் அமெரிக்காவில் நேராக விற்றுக்கொள்ள அனுமதித்தார்கள். டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த சரக்கைவிடவும் இது மலிவு. அப்புறம் உள்ளூர் வியாபாரிக்கும் கடத்தல்காரருக்கும் பிழைப்பு ஏது? வாங்கிக் குடிப்பவரோ, தன் ஊருக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாத நாடாளுமன்றம் போட்ட வரியைச் சத்தமில்லாமல் ஒத்துக்கொண்டவர் ஆகிவிடுவார். மலிவு விலை என்பது தூண்டில் புழு, அவ்வளவுதான்.

பையன் கட்டாயம் சேர்க்கவேண்டியது 20 நாள் கணக்கு. வந்த சரக்குக்கு 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்து, விற்று வரியை எடுத்துக்கொள்ளலாம். தேயிலை ஏற்றிய டார்ட்மவுத் கப்பல் பாஸ்டனுக்கு வந்தது நவம்பர் 28. வரி கட்டாமல் கப்பல் திரும்பக்கூடாது என்று ஆளுநர் ஹட்சின்சன் பிடிவாதமாக இருந்தார், அவருடைய மகன்கள் இருவரே கம்பெனி ஏஜென்டுகள்! கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டிவிட்டார்கள்.

சார்ட்டில் அஸ்ஸாம், நீலகிரித் தோட்டப் படமெல்லாம் ஒட்டவேண்டாம், அது முழுக்கச் சீனத் தேயிலை. 'விருந்து' என்ற பெயரும் பல பத்தாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டதுதான். கொட்டிய தேயிலைக்குப் பணம் வரும்வரை என்று பாஸ்டன் துறைமுகத்தை 1774-ல் பிரிட்டன் மூடியது, இதை எதிர்க்க அந்த செப்டம்பரிலேயே பிரிட்டன் ஆண்ட 12 அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். கடைசிப் பக்கத்துக்கு அதை எழுதச் சொல்லுங்கள்.