வாசகர் கேள்வி: எதிரோட்டத்தில் எத்தனை நிலைகள்?

கேள்வி: கரைப்பானும் நீர்க்கரைசலும் எதிரெதிர்த் திசையில் செல்லும் எதிரோட்ட முறையில், கரைப்பான் கொண்டு சாறு இறக்கும்போது (அதாவது, நீரில் கரைந்த பொருளைக் கரைப்பானுக்கு மாற்றும்போது), கோட்பாட்டு நிலைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது எப்படி? அதே கரைப்பானைப் பல பங்காக்கிப் பலமுறை குலுக்கினால் போதாதா?
– பொறியியல் மாணவி, தக்கலை

பதில்: போதாது. இரு திரவங்களும் நன்கு கலந்து, சமநிலை எய்தி, பின் முழுமையாகப் பிரிவதையே ஒரு கோட்பாட்டு நிலை என்கிறோம். சமநிலையில் கரைப்பானில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் வருவது பங்கீட்டுக் கெழு. அதைக் கரைப்பானின் அளவால் பெருக்கி, நீர்க்கரைசலின் அளவால் வகுத்தால் சாறு இறக்கும் காரணி கிடைக்கும். மாணவர் பலர் இதைப் பாராமலே, நிலைகளை எண்ணும் கிரெம்சர் சூத்திரத்துக்குத் தாவிவிடுகின்றனர். காரணி 0.8 என்றால், எதிரோட்டத்தில் நூறு நிலைகள் வைத்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் பொருளை எடுக்க இயலாது.

காரணி 2 என்று கொள்வோம். ஒரே முறை குலுக்கினால் மூன்றில் ஒரு பங்கு நீரிலேயே தங்கிவிடும். அதே கரைப்பானை எத்தனை சிறு பங்காக்கினாலும் எச்சம் 13.5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. எதிரோட்டத்திலோ, பொருள் குன்றிய நீர்க்கரைசலைப் புதிய கரைப்பானும், செறிவு மிக்கதை ஏற்கெனவே பொருளேறிய கரைப்பானும் சந்திப்பதால், எச்சம் ஐந்து நிலைகளில் 1/63 ஆகவும் ஆறில் 1/127 ஆகவும் குறைகிறது. நிலைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, 2-ஐ அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்தால் வருவதே அந்தப் பகுதி எண். 99 சதவீதம் எடுக்க அது 100 ஆக வேண்டும். மடக்கை எடுத்தால் விடை 5.66 நிலைகள். கலக்கித் தெளியவைக்கும் தொட்டிகளின் திறன் 80 சதவீதமானால், 5.66-ஐ 0.8-ஆல் வகுத்து, எட்டுத் தொட்டிகள் அமைக்க வேண்டும். காரணி வேறானால், 2-க்குப் பதிலாக அந்தக் காரணியும், பின்னத்தின் மேலே ஒன்றுக்குப் பதிலாகக் காரணி கழித்தல் ஒன்றும் வரும். காரணி சரியாக 1 எனில், எச்சம் நிலைகளோடு ஒன்றைக் கூட்டியதன் தலைகீழ்.

கிரெம்சர் சூத்திரத்தின் இந்த எளிய வடிவம், கெழு மாறாமலும், திரவங்கள் ஒன்றிலொன்று கரையாமலும், உள்ளே வரும் கரைப்பான் தூயதாகவும் இருந்தால் மட்டுமே செல்லும். கெழு மாறினால், சமநிலை வளைகோட்டுக்கும், நிலைகளுக்கு இடையே எதிரெதிராகக் கடக்கும் திரவங்களின் செறிவுகளைக் காட்டும் இயக்கக் கோட்டுக்கும் இடையே படிகள் வரைந்து எண்ணுவதே வழி.

உங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டிலிருந்து கிடைக்கும் அருமண் தனிமங்களைப் பிரிப்பதும் இம்முறையில்தான். நியோடிமியத்தின் காரணி ஒன்றுக்கு மேலும், பிரசியோடிமியத்தின் காரணி ஒன்றுக்குக் கீழும் நிற்குமாறு கரைப்பானின் அளவை நிறுத்த வேண்டும். இரண்டின் கெழுக்களும் மிக நெருங்கியவை என்பதால் பல பத்து நிலைகள் தேவைப்படும். அமிலத்தன்மைக்கேற்பக் கெழு நிலைதோறும் மாறுவதால், சூத்திரத்தின் விடையை அங்கே முதல் மதிப்பீடாக மட்டும் கொண்டு, நிலை நிலையாகக் கணினியில் கணக்கிட வேண்டியிருக்கும்.