“நான் சொன்னதாகச் சொல்லாதீங்க”

கேள்வி: ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது ஒருவர், “நிறைய பேருக்கு வருத்தம், பாஸ்டர். நான் சொன்னதாகச் சொல்லாதீங்க” என்று காதோடு சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. பிரசங்கத் தயாரிப்பும் ஓடுவதில்லை. யாரிடமும் ஒட்டாமல் இருந்துவிட்டால் தப்பிக்கலாமா?

பதில்: முடியாது. வீட்டு விசாரிப்பைக் குறைப்பீர்கள், போனை எடுக்க மாட்டீர்கள்; ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு அதே முகம்தான் கண்ணுக்குள் நிற்கும். அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவென் (1913–1990) இதை ‘உறவுத் துண்டிப்பு’ என்றார். எல்லோரையும் திருப்திப்படுத்த ஓடுவதும் ஒதுங்கிக்கொள்வதும் ஒரே பதற்றத்தின் இரண்டு வேடங்கள்தான். அவர் சொன்ன ‘சுய வேறுபாடு’ இதைவிடக் கடினம்: ஆட்களோடு நெருங்கியிருக்கும்போதே, அவர்கள் பதற்றத்தை நம் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது. குடும்பங்களுக்குச் சொன்ன இந்தக் கோட்பாட்டைத் திருச்சபைகளுக்கும் ஜெப ஆலயங்களுக்கும் விரித்துச் சொன்னவர் எட்வின் ஃப்ரீட்மன் என்ற யூத ரபி.

அடுத்த முறை அங்கேயே நின்று கேளுங்கள்: “யார் யார்? அவர்கள் என்னிடம் நேரில் பேச நீங்களும் கூட வருவீர்களா?” மறுத்தால், “சரி, உங்களுக்கு என்ன வருத்தம்? அதைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.” குரல் உயர வேண்டாம். ‘நிறைய பேர்’ பெரும்பாலும் சொன்னவரும் அவர் வீட்டாரும்தான். ஒரு விலக்கு: பிள்ளைகளின் பாதுகாப்பு, அத்துமீறல், பண மோசடி பற்றிய புகார் பெயரில்லாமல் வந்தாலும் விசாரித்தே ஆக வேண்டும்.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் விளக்கம் எழுதாதீர்கள். ஒரு தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் அவர் சொன்ன வார்த்தைகளை, வலப்பக்கம் நீங்களாகச் சேர்த்துக்கொண்டதை எழுதுங்கள். “நிறைய பேருக்கு வருத்தம்” என்பது இடப்பக்கம். “என்னை மாற்றப் பார்க்கிறார்கள்” என்பது வலப்பக்கம். தூக்கத்தைக் கெடுப்பது வலப்பக்கம்தான். நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து முறை போதும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், அதை விசுவாசக் குறைவென்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் இப்படி நிற்கத் தொடங்கியதும் எதிர்ப்பு குறையாது, கூடும். போவென் சொன்ன வரிசையிலேயே வரும்: “நீங்கள் செய்வது தப்பு”, பிறகு “பழையபடி இருங்கள்”, கடைசியில் “இல்லாவிட்டால் சபையை விட்டுப் போகிறோம்”. பலர் வழுக்குவது இந்த மூன்றாவது படியில். அப்போது வாதாட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் திரும்பச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அந்த வீட்டுக்குப் போய் நலம் விசாரியுங்கள்.

கேள்வி: போதகரிடம் சொல்லத் தயங்குவதை எல்லாம் அவர் மனைவியான என்னிடம் சொல்கிறார்கள். “நீங்க பக்குவமாச் சொல்லிடுங்க பாஸ்டரம்மா” என்கிறார்கள். மறுத்தால் மனம் நோகாதா?

பதில்: கொஞ்சம் நோகும். ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்தால், சொன்னவர் பாரம் இறங்கிப் போய்விடுவார், பாரம் உங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். சொத்தைப் பங்கிடச் சொல்லுங்கள் என்று அண்ணன் தம்பி வழக்கைக் கொண்டுவந்தவனிடம் இயேசுவே நடுவராக மறுத்தார் (லூக்கா 12:13-14). நீங்கள் இப்படிச் சொல்லலாம்: “அக்கா, இதை அவரிடமே சொல்லுங்க. எப்போது பேசலாம்னு வேண்டுமானால் நேரம் கேட்டுத் தருகிறேன்.” நேரம் வாங்கித் தருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விஷயம் என்ன என்று கணவர் கேட்டாலும், “அவங்களே சொல்லுவாங்க” போதும்.