டெஸ்டோஸ்டிரோனும் புராஸ்டேட்டும்: கேள்வி பதில்

கேள்வி: வயதாக ஆக ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பி மட்டும் ஏன் வீங்குகிறது?

பதில்: இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும், சுரப்பிக்குள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி அதை அதனினும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொண்டே இருப்பதால், அங்கே ஹார்மோனின் பிடி தளர்வதில்லை. இந்த நொதியைத் தடுப்பதே ஃபினாஸ்டரைடு. அம்மருந்தை மாதக்கணக்கில் உட்கொள்பவரின் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் அளக்கும் புரதம்) அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் பரிசோதனை முடிவைக் காட்டாதீர்கள்.

கேள்வி: இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுமா?

பதில்: மாறாது. ஆனால் இரண்டும் ஒருவருக்கே வரலாம்.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ளவருக்குப் புற்றுநோய் வாய்ப்பும் அதிகமா?

பதில்: 18 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளிவந்த பகுப்பாய்வில், இரத்த டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கும் பிற்காலப் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

கேள்வி: விரைகளை அகற்றினால் இப்புற்றுநோய் பின்வாங்குகிறது என்று 1941இலேயே மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் பெற்றார். உங்கள் பதில் அதற்கு முரணாக இல்லையா?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் முரண் இல்லை. ஹார்மோனை அடிமட்டத்துக்கு இறக்கினால் புற்று சுருங்கும் என்பது ஒரு கூற்று. இயல்பான அளவுக்கு மேல் ஏற்றினால் புற்று வளரும் என்பது வேறொரு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது. சுரப்பியில் ஆண் ஹார்மோன் பற்றிக்கொள்ளும் இடங்களான ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் குறைந்த அளவிலேயே நிரம்பிவிடுகின்றன என்றும், நனைந்த பஞ்சில் மேலும் ஊற்றிய நீரைப் போல எஞ்சிய ஹார்மோனால் வளர்ச்சி கூடுவதில்லை என்றும் நிறைவு மாதிரி என்ற கருதுகோள் விளக்குகிறது.

கேள்வி (அவரே): அப்படியானால் புற்றுநோய் உள்ளவரும் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கலாம் என்றாகிறதே?

பதில்: நான் சொல்லாததை என் வாயில் திணிக்கிறீர்கள். பரவிய புற்றுநோய்க்கு இன்றும் ஹார்மோனை ஒடுக்குவதே சிகிச்சையின் அடித்தளம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் ஹார்மோன் களிம்பு பூசியவர்களுக்கும் மருந்தற்ற களிம்பு பூசியவர்களுக்கும் இடையே புராஸ்டேட் புற்றுநோய் விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லைதான். ஆயினும் அப்புற்றுநோய் அபாயம் மிகுந்தவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருந்ததால், அம்முடிவை அவர்களுக்குப் பொருத்துவது தவறு.

கேள்வி: என் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 280 நானோகிராம். புற்றுநோய் வருமா?

பதில்: 2008 பகுப்பாய்வைப் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள். காலையில் எடுத்த இரத்தத்தில், இரு வேறு நாள்களில் அளக்காமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

கேள்வி: முடி உதிர்வுக்கு 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு எடுக்கிறேன். பி.எஸ்.ஏ. பற்றிய எச்சரிக்கை எனக்குமா?

பதில்: ஆம், உங்களுக்கும்தான்.