கால்பந்து ரசிகர்களுக்கு அணி, காயம், வீரர் வாங்கல் பற்றி உண்மையில் ஏதாவது தெரியுமா?

தங்கள் கிளப்பில் யாருக்குக் காயம், யாரை விற்க வேண்டும், யாரை வாங்க வேண்டும் என்று ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்களே, அவர்களுக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேரில் ஒருவருக்குத் தெரியும் என்பது என் அனுபவம். அந்த ஒருவர் நான் இல்லை.

நான் லிவர்பூல் என்ற இங்கிலாந்துக் கிளப்பின் ரசிகன். 2020-21 சீசனில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் இருந்தோம். நான், கோயம்புத்தூரில் இருக்கும் என் அத்தை மகன், பிறகு நாங்கள் ‘சார்’ என்று அழைக்கும் ஒரு பெரியவர். சார் நூற்பாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்த நாளிலிருந்து அவருக்குக் கால்பந்துப் பைத்தியம். கொரோனாக் காலம், வெளியே போக வழியில்லை, ஆகவே பேச்சுக்குக் குறைவே இல்லை.

கதை 2020 ஜூலையில் தொடங்குகிறது. லிவர்பூல் 99 புள்ளிகளுடன், 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றிருந்தது. நாங்கள் தரையில் நடக்கவில்லை. அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே டேயன் லவ்ரென் ரஷ்யாவின் ஜெனித் அணிக்குப் போய்விட்டார். பின்களத்தின் நடுவில் நின்று கோலைக் காக்கும் சென்டர் பேக் இடத்துக்கு நான்கு பேர் இருந்தார்கள், மூன்று பேர் ஆனார்கள். பதிலுக்கு யாரையும் வாங்கவில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. லவ்ரென் தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொண்டவன் நான்.

“போகட்டும் சார். அவசரம் என்றால் நடுக்கள வீரர் ஃபபினியோ பின்னால் வந்து ஆடுவார்” என்று எழுதினேன்.

சார் சொன்னது இது: “மூன்று என்று எழுதாதே தம்பி. வான் டைக் ஒன்று. மத்திப் எப்போதும் பாதி நாள் மருத்துவ அறையில் இருக்கிறார், அவரை அரை என்று எழுது. கோமஸுக்கு 2015இல் முழங்கால் போனது, 2018இல் கால் எலும்பு முறிந்தது, அவர் முக்கால். ஆக, கையிருப்பு இரண்டேகால். ஓர் ஆட்டத்துக்குத் தேவை இரண்டு. மில்லில் இப்படி பேரிங் வைத்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். வான் டைக் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் 38 லீக் ஆட்டங்களில் 38இலும் ஆடியவர். அவருக்கு ஏதாவது ஆகும் என்பதே எங்கள் கற்பனையில் இல்லை. அதையும் சாரிடம் சொன்னேன். “இரண்டு வருடம் பழுதாகாத மிஷின் என்றால் எனக்குப் பயம்தான் கூடும்” என்றார்.

2020 அக்டோபர் 17. குடிசன் பார்க்கில் எவர்ட்டனுடன் ஆட்டம். நமக்கு மாலை ஐந்து மணி, தேநீரோடு உட்கார்ந்தேன். தேநீர் ஆறுவதற்குள் எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் வந்து மோதியதில் வான் டைக் விழுந்தார். எழுந்து நொண்டியபடி வெளியே நடந்தார். நடக்கிறாரே, பெரிதாக இருக்காது என்று நான் எழுதினேன். முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது, அறுவை சிகிச்சை என்று மறுநாள் செய்தி வந்தது. அந்த சீசனில் அவர் திரும்ப ஆடவில்லை. அதே ஆட்டத்தில் ரிச்சர்லிசனின் முரட்டு ஆட்டத்தில் அடிபட்ட எங்கள் நடுக்கள வீரர் தியாகோவும் டிசம்பர் கடைசிவரை வரவில்லை. ஜெர்மனியின் பயர்ன் அணியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர்.

நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில், யாரும் தொடாமலேயே, கோமஸின் முழங்கால் தசைநாண் போனது. இரண்டேகாலில் இருந்து ஒன்றேமுக்கால் கழிந்து, அரை மட்டும் மிச்சம். கணக்கு மாஸ்டர் தேவையில்லை.

அந்த வாரங்களில் எங்கள் குழு ஒரு மருத்துவமனையாக மாறியது. அத்தை மகன் முழங்காலின் உட்பகுதிப் படங்களை அனுப்புவான். நான் ‘ஆறு மாதம்’, ‘ஒன்பது மாதம்’ என்று தேதி குறிப்பேன். ஜோசியம் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருந்ததாகச் சொல்ல முடியாது. கிளப் மருத்துவர்கள் மீது பழி போடுவதுதான் எங்களுக்கு எளிதாக இருந்தது. ஆனால் முந்தைய சீசன் கொரோனாவால் நீண்டு ஜூலை 26 அன்று முடிந்து, புதியது செப்டம்பர் 12 அன்றே தொடங்கியிருந்தது. மற்ற பெரிய லீக்குகளில் ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்று இருந்தபோது, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் பயிற்சியாளர் க்ளோப் இதைப் பற்றிப் பொருமிக்கொண்டே இருந்தார். அவர் சாக்குச் சொல்கிறார் என்று அன்று எழுதியவன் நான்.

இனிமேல் சொல்வதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியம். ரசிகர் எங்கே சறுக்குகிறார் என்பது இங்கேதான் தெரியும்.

ஃபபினியோ நான் சொன்னபடியே பின்னால் வந்தார். நன்றாகவே ஆடினார். மத்திப்புக்கும் அடிபட்டபோது கேப்டன் ஹெண்டர்சனும் சென்டர் பேக் ஆனார். டிசம்பர் 19 அன்று கிரிஸ்டல் பேலஸை 7-0 என்று வென்று கிறிஸ்துமஸுக்கு முதலிடத்தில் இருந்தோம். “பார்த்தீர்களா சார்?” என்று கேட்டு ஒரு படம்கூட அனுப்பினேன். அதன் பிறகு கோல் நின்றுபோனது. நியூகாசிலுடன் 0-0, சவுத்தாம்ப்டனிடம் 0-1, மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 0-0, பர்ன்லியிடம் 0-1. தொடர்ந்து நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு கோல் இல்லை. அந்தப் பர்ன்லி ஆட்டத்தோடு, 2017 ஏப்ரலில் இருந்து சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காத சாதனையும் முடிந்தது.

உடனே எங்கள் குழு என்ன முடிவுக்கு வந்தது தெரியுமா? முன்கள வீரரை வாங்க வேண்டும். “ஃபிர்மினோ முடிந்துவிட்டார் மச்சான், விற்றுவிட வேண்டும்” என்றான் அத்தை மகன். நான் ஆமோதித்தேன். சலா, மானே, ஃபிர்மினோ மூவரையும் மாறி மாறித் திட்டினோம்.

கோல் விழாததற்குக் காரணம் முன்னால் இல்லை என்பது எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் பிடித்தது. அன்றைய லிவர்பூலின் கோல்களில் பல, பக்கவாட்டுப் பின்கள வீரர்களான அலெக்சாண்டர்-அர்னால்டும் ராபர்ட்சனும் மேலே ஏறிக் கொடுத்த பந்துகளில் பிறந்தவை. அவர்கள் துணிந்து ஏற வேண்டுமானால், பின்னால் பரந்த வெற்றிடத்தைத் தனியாளாகக் காக்க வான் டைக் போன்ற ஒருவர் வேண்டும். அவர் பின்னாலிருந்து குறுக்காக அடிக்கும் நீண்ட பந்துகளும் வேண்டும். இழந்த பந்தை நடுக்களத்திலேயே பிடுங்க ஃபபினியோ வேண்டும், ஓடி ஓடி அழுத்தம் கொடுக்க ஹெண்டர்சன் வேண்டும். அவர்கள் இருவரையும் பின்னால் இழுத்ததும், ஓர் ஓட்டையை அடைக்கக் கூரையின் வேறு இரண்டு ஓடுகளை உருவியது போல் ஆகிவிட்டது. சலாவின் காலுக்குப் பந்தே வரவில்லை. ‘ஃபபினியோ பின்னால் ஆடுவார்’ என்று ஜூலையில் நான் பெருமையாகச் சொன்ன தீர்வுதான் ஜனவரியில் நோயானது.

ஜனவரி வந்தது. எங்கள் வாயில் அடிபட்ட பெயர்கள் உபமெகானோ, கூலிபாலி, இருவரும் வேறு கிளப்புகளின் பெரிய சென்டர் பேக்குகள். கனவு காண்பதற்குக் காசு வேண்டுமா என்ன? கிளப்பின் நிலைமை வேறு. மைதானத்தில் ரசிகர்கள் இல்லை, டிக்கெட் வருமானம் இல்லை. சீசன் நடுவில் நல்ல சென்டர் பேக்கை எந்தக் கிளப் விற்கும்? விற்றாலும் அவசரக்காரனுக்குச் சொல்கிற விலைதான் சொல்லும். வீரர் வாங்கும் முடிவு தன் கையில் மட்டும் இல்லை என்பதை க்ளோப் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நாங்கள் முதலாளிகளைத் திட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஜனவரி 28, டாட்டன்ஹாமுடன் ஆட்டம். நமக்கு இரவு ஒன்றரை மணி. 3-1 என்று வென்றோம், ஆனால் மத்திப் இடைவேளைக்குப் பிறகு வரவில்லை. கணுக்கால் தசைநார். அவருக்கும் சீசன் முடிந்தது. சார் அனுப்பியது ஒரே ஓர் எழுத்து: “0”.

பிப்ரவரி 1, வீரர் பதிவுக்குக் கடைசி நாள். நம் நேரப்படி மறுநாள் விடியற்காலை நாலரை வரை கெடு. தூங்காமல் விழித்திருந்து பார்த்தேன். ஜெர்மனியின் ஷால்கேயிலிருந்து 20 வயது ஓசான் கபாக் லோனில், அதாவது இரவலாக, வந்தார். இரண்டாம் டிவிஷன் பிரெஸ்டனிலிருந்து பென் டேவிஸ் வந்தார். நான் பென் டேவிஸைப் பற்றி நான்கு பத்தி எழுதினேன். இடது கால்காரர், விலை குறைவு, இங்கிலாந்து லீக்குகளுக்குப் பழகியவர், இதுதான் புத்திசாலித்தனமான கொள்முதல் என்று. அந்த நான்கு பத்திகளும் இன்னும் என் தொலைபேசியில் இருக்கின்றன. பென் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூட ஆடாமலேயே பின்னர் ரேஞ்சர்ஸுக்கு விற்கப்பட்டார்.

கபாக்கின் முதல் ஆட்டம் லெஸ்டரிடம். அவரும் கோல்கீப்பர் அலிசனும் ஒரே பந்துக்குப் போய் மோதிக்கொள்ள, வார்டி காலி வலைக்குள் பந்தைத் தட்டிவிட்டார். 1-3 தோல்வி. எவர்ட்டனுடனான அடுத்த லீக் ஆட்டத்தில் ஹெண்டர்சனுக்கும் காயம். மார்ச் 7 அன்று ஃபுல்ஹாமிடம் தோற்றபோது, சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறாவது லீக் தோல்வி. அந்த ஆட்டத்தின் சென்டர் பேக்குகள் நாட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ். வில்லியம்ஸ் முந்தைய சீசனில் ஆறாம் நிலை லீக்கில் கிடர்மின்ஸ்டர் என்ற சிறு அணிக்கு லோனில் ஆடிய பையன். பிலிப்ஸைக் கிளப் 2020 கோடையிலேயே விற்றிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவர் பந்தை உதைக்கும் அழகைப் பார்த்து “இவர் மரம் வெட்ட வந்தவர்” என்று எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க முகவரி தெரியவில்லை.

மூன்றே நாளில் க்ளோப் ஃபபினியோவை நடுக்களத்துக்குத் திருப்பி அனுப்பினார். புடாபெஸ்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் லைப்ஸிக்கை 2-0 என்று வென்றோம். பின்னால் நின்றவர்கள் கபாக்கும் பிலிப்ஸும். பிறகு கபாக்கும் காயத்தில் போக, பிலிப்ஸும் வில்லியம்ஸும். பெரிய பெயர்கள் எவரும் இல்லை. ஆனால் நடுக்களம் நடுக்களமாக இருந்தது. ஃபுல்ஹாம் தோல்விக்குப் பிறகான பத்து லீக் ஆட்டங்களில் எட்டில் வெற்றி, இரண்டில் டிரா, தோல்வி இல்லை. மே 16 அன்று வெஸ்ட் பிராமுக்கு எதிராக 95ஆவது நிமிடம், கார்னர் பந்தை அலிசன், ஆம், கோல்கீப்பர் அலிசன், தலையால் முட்டிக் கோலாக்கினார். அதை விவரிக்க முயன்றால் இந்தப் பதில் வேறு பதிலாகிவிடும். மூன்று நாள் கழித்து பர்ன்லியில் பிலிப்ஸ் ஒரு கோல் அடித்து, இன்னொன்றைக் கோல் கோட்டிலிருந்து தலையால் வெளியேற்றினார். 69 புள்ளிகள், மூன்றாம் இடம், அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் உறுதி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மூவரின் பேச்சையும் பின்னால் புரட்டிப் பார்த்தேன். பெயர் சொல்லி வாங்கச் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. விற்கச் சொன்ன ஃபிர்மினோ மே மாதம் ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, 4-2 என்று வெல்ல வைத்தார். காயம் ஆற ஆகும் காலம் பற்றி நாங்கள் சொன்னவை எல்லாம் வெறும் ஊகம். உருப்படியாக நின்றது ஜூலை மாதத்து ‘இரண்டேகால்’ மட்டும். சாருக்கு உபமெகானோ யார் என்றே தெரியாது. வலைத்தளங்களில் வரும் பேரச் செய்திகளை அவர் படிப்பதும் இல்லை. ஆட்களை எண்ணினார், யார் எவ்வளவு நாள் ஓடுவார் என்று பார்த்தார், அவ்வளவுதான். நீங்கள் ஒரு ரசிகரின் பேச்சை நம்பலாமா என்று யோசித்தால், அவர் யாரை வாங்கச் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் எத்தனை பேர் என்று எண்ணுகிறாரா என்று கவனியுங்கள்.

2021 கோடையில் லைப்ஸிக்கிலிருந்து கொனாட்டே வந்தார். வான் டைக், கோமஸ், மத்திப் மூவரும் உடல் தேறித் திரும்பினார்கள். சார் புதிய பட்டியல் எழுதி அனுப்பினார். மத்திப் பெயருக்கு எதிரே அதே அரை. அந்த அரை ஆள் 2021-22இல் 31 லீக் ஆட்டங்களில் ஆடினார், அணி 92 புள்ளிகளோடு ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டது. சீசன் முடிந்ததும் சாரிடம் கேட்டேன், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று.

“அரையை அழித்துவிட்டு முக்கால் என்று எழுதிக்கொள் தம்பி” என்றார்.