வயதான குதிரை: வந்த கேள்விகளும் என் பதில்களும்

கிழட்டுக் குதிரை வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளாக நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்ததை ஒன்றாக்கி, முடிந்தவரை எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர். பந்தயக் குதிரை, மலையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரை, ரேக்ளாக் குதிரை எல்லாம் பார்த்திருக்கிறேன். மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள். எடையும் சிறுநீரகமும் தெரியாமல் எழுதுகிற அளவு யாருக்கும் உதவாது.

கேள்வி (கோவை): பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட், 22 வயது. விலா எலும்பு எண்ணலாம் போல் ஆகிவிட்டான். கொள்ளைக் கூட்டிக் கொடுத்தும் உடம்பு ஏறவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று லாயக்காரர் சொல்கிறார். சரிதானா டாக்டர்?

சரியில்லை. வயது ஒரு நோய் இல்லை. 22 வயதில் குதிரை தானாக எலும்பாகாது. பெரும்பாலும் பல், அப்புறம் குடற்புழு, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

குதிரையின் கடைவாய்ப் பல் நம் பல் மாதிரி இல்லை, உள்ளே நீளமாக இருக்கும். வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தேயத் தேய அவ்வளவு வெளியே வந்துகொண்டே இருக்கும். ஓரங்கள் கத்தி மாதிரி கூர்ந்து கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். இருபதுகளின் பின்பாதியில் வெளியே வரவே பல் மிச்சம் இருக்காது. அவன் நின்று தின்னும் இடத்தைப் பாருங்கள். அரைகுறையாக மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடக்கிறதா? லத்தியில் முழுக் கொள்ளு வருகிறதா? வாய் நாறுகிறதா? தலையை ஒருபக்கம் சாய்த்து மெல்கிறானா? இதில் ஒன்று இருந்தாலும், வாயைத் திறந்து நிறுத்தும் கருவியோடு வருகிற டாக்டரை அழைத்து, கடைசிப் பல்வரை கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரத்தால் ராவிவிட்டாலே பாதிக் குதிரைகள் தேறிவிடும். இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கூடவே லத்தியைப் புழுமுட்டைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மெல்ல முடியாத வாய்க்குக் கொள்ளைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை. குதிரை வாழ்வது நாரை நம்பி, கொள்ளை நம்பி அல்ல.

கேள்வி (கொடைக்கானல்): மட்டக்குதிரை, 28 வயசு இருக்கும். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு ராவுவதற்கே ஒன்றும் இல்லை என்றுவிட்டார். இனி என்னதான் போடுவது சார்?

பல் இல்லாத மட்டக்குதிரை சில வருடம் நன்றாகவே இருக்கலாம், உங்களுக்குப் பொறுமை இருந்தால். நீளப் புல்லை மறந்துவிடுங்கள். முன்னால் கொஞ்சம் போட்டு வையுங்கள், பொழுதுபோக்குக்கு. வயிற்றுக்குப் போவதெல்லாம் ஊறவைத்த கூழாக இருக்க வேண்டும்: காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) தூள் அல்லது குச்சித்தீவனம், நன்றாக வெந்து மசித்த கொள்ளு, கொஞ்சம் தவிடு, ஒரு கை எண்ணெய். உலர்ந்த எடையில் கணக்குப் போட்டால் உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், அதாவது 300 கிலோ மட்டத்துக்கு நாலரை முதல் ஆறு கிலோ. நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், குதிரையின் வயிறு சின்னது.

இரண்டு எச்சரிக்கை. தவிடு மலிவு என்று அதையே அள்ளிக் கொட்டாதீர்கள்; அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. பால்மாட்டுக்குப் போடும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லையே நம்பி இருப்பவர்களும் கவனியுங்கள். அதிலுள்ள ஆக்சலேட் உணவில் இருக்கும் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாடு ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது. முகத்தெலும்பு வீங்கி, காரணம் தெரியாமல் நொண்டும் குதிரைகளில் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். குதிரைமசால் சேர்த்தால் கால்சியம் ஓரளவு ஈடாகும்.

இன்னொன்று, காய்ந்ததை அவசரமாக விழுங்கி, தொண்டைக் குழாயில் அடைத்து, மூக்கு வழியாகத் தீவனம் வந்தால் உடனே எல்லாத் தீவனத்தையும் எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

கேள்வி (சென்னை): சித்திரை வெயிலிலும் என் பெண்குதிரைக்கு முடி உதிரவே இல்லை, சுருட்டைச் சுருட்டையாக நீளமாக இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். முடியைக் கத்தரித்துவிட்டால் போதுமா?

கத்தரியுங்கள், வெயிலுக்கு நல்லது. ஆனால் இது முடிப் பிரச்சினை இல்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு. குஷிங் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதுகுச் சதை கரைந்து வயிறு தொங்கும், அடிக்கடி புண் வரும். பயப்பட வேண்டியது குளம்பு வீக்கத்துக்குத்தான். குளம்பு சுடுகிறதா, குளம்புக்கு மேலே பின்பக்கம் நாடி துள்ளுகிறதா, முன்கால்களை நீட்டிப் பின்கால்களில் பாரம் போட்டு நிற்கிறாளா என்று தினமும் பாருங்கள். அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனை அளக்க ஏ.சி.டி.எச். ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பெர்கோலைடு என்ற மாத்திரை இருக்கிறது. ஆயுளுக்கும் கொடுக்க வேண்டும். வெல்லம், வாழைப்பழம், பொங்கல் எல்லாம் இன்றோடு நிறுத்தம். கோயிலுக்கு வருகிறவர்கள் ஊட்டிவிடுவார்கள் என்றால் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள்.

கேள்வி (ஊட்டி): எங்கள் கிழவன் படுத்தே பல வாரம் ஆயிற்று. குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும் என்கிறார்கள். ஆனால் திடீர் திடீரென்று முட்டி மடங்கி விழப் பார்க்கிறான், முன்கால் கீழ்மூட்டில் தோல் உரிந்திருக்கிறது.

நின்றுகொண்டு தூங்குவது அரைத்தூக்கம். ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும், நாளுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரமாவது. மூட்டு வலியால் படுத்தால் எழ முடியாது என்று பயந்து படுக்காமலே இருப்பான். தூக்கம் மிஞ்சும்போது அப்படியே சரிவான், அந்தக் காயம்தான் நீங்கள் பார்ப்பது. முதலில் சிமெண்ட் தரையில் நிறுத்துவதை விடுங்கள். ஆழமாக மணல், அல்லது தடிமனாக வைக்கோல், அகலமான இடம், மூலையில் மாட்டிக்கொள்ளாதபடி. அப்புறம் வலிமருந்து. ஃபினைல்பூட்டாசோன் பலருக்குத் தெரியும், நன்றாக வேலை செய்யும், ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் இரைப்பைப் புண், குடல் அழற்சி, சிறுநீரகம் என்று வரும். டாக்டர் பார்வையிலேயே கொடுங்கள்.

மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2006 முதல் கால்நடைக்கு அது தடை. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல் தடையாயின. காரணம் பாறு கழுகுகள்: அந்த மருந்து ஏறிய உடலைத் தின்றால் சிறுநீரகம் செத்துவிடும். உங்கள் மலைக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் அவை கூடு கட்டுகின்றன. மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது. உங்கள் குதிரைக்கு அது போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்து கொடுத்து, தரையை மாற்றி, அப்படியும் படுக்கவில்லை என்றால் கீழே இரண்டு கேள்வி தள்ளிப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): அண்ணே, ரேக்ளாவுக்கு ஓடின குதிரை, இப்போ நொண்டுது. ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில கொடுத்துடலாமா? இல்ல ஏதாவது கோசாலையில விட்டுடலாமா?

தம்பி, சந்தையில் நொண்டிக் கிழக்குதிரையை வாங்குகிறவன் அதை வளர்க்க வாங்குவதில்லை. ஒரு கை மாறி, இரண்டு கை மாறி, கடைசியில் கல்யாண ஊர்வலத்திலோ செங்கல் வண்டியிலோ நிற்கும். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைத்து விற்பவர்களும் உண்டு, அதை நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன். கோசாலைகளில் மாட்டுத் தீவனமும் மாடு பார்க்கிற ஆளும்தான் இருப்பார்கள். குதிரையின் பல்லும் குளம்பும் பார்க்க ஆள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு விடுங்கள். சாலையில் அவிழ்த்துவிடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

உங்களுக்குத் தெரிந்த, மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அப்படி யாரும் இல்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, குதிரை வலியில் இருக்கிறது என்றால், டாக்டரை வைத்து, உங்கள் பொறுப்பிலேயே, உங்கள் தோட்டத்திலேயே அதன் உயிரை முடிப்பது அதற்கு நீங்கள் செய்யும் நல்லதுதான். இதைச் சொன்னதற்கு என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

கேள்வி (பலர்): நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில நேரம் யோசிக்கவே வேண்டாம். கால் எலும்பு முழுதாக முறிந்தது, வயிற்றுவலியில் உருண்டு புரண்டு, நாடி நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டி, ஈறு கருத்து, மருந்துக்கு வலி அடங்கவில்லை என்றால் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். (சாதாரண நாடி 28 முதல் 44 வரை.) வயதான குதிரைகளில் காம்போடு தொங்கும் கொழுப்புக் கட்டி ஒன்று குடலைச் சுற்றி இறுக்கிவிடும். அறுவை சிகிச்சை தவிர வழி இல்லை, அதற்கு வசதி உள்ள இடம் நம் பக்கம் மிகக் குறைவு.

கஷ்டம் மற்ற எல்லாக் குதிரைகளுக்கும்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறவைக்கு. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. அதனால் நான் சொல்வது: இன்றே உட்கார்ந்து உங்கள் குதிரை விரும்பிச் செய்யும் மூன்று காரியங்களை எழுதுங்கள். ஒருத்தி வாளிச் சத்தம் கேட்டதும் கனைப்பாள், ஒருவன் மணலில் புரளுவான், ஒருவன் பக்கத்துக் குதிரையின் பிடரியைச் சொறிந்துவிடுவான். அப்புறம் நாட்காட்டியில் தினம் ஒரு குறி: நல்ல நாள், கெட்ட நாள். தானாகப் படுத்துத் தானாக எழுந்தானா, தண்ணீர்த் தொட்டிவரை நடந்தானா, வாளியை முடித்தானா, அந்த மூன்றில் எதையாவது செய்தானா? மாத முடிவில் அந்தத் தாளைக் குதிரையைத் தினமும் பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள். கெட்ட நாள் பாதிக்கு மேல் போனால் டாக்டரிடம் தேதி பேச வேண்டும்.

எழுந்திருக்க ஆள் வைத்துத் தூக்க வேண்டி வந்தால், இரண்டாவது முறை தூக்குவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். மலையில் இருப்பவர்கள் மார்கழிக் குளிரையும், சமவெளியில் இருப்பவர்கள் ஐப்பசி மழையையும் கணக்கில் எடுங்கள். சேற்றில், நடுராத்திரியில், டாக்டர் கிடைக்காமல் விழுந்து கிடப்பதைவிட, புரட்டாசியில் ஒரு காலை வேளையில் நின்றபடியே போவது மேல்.

கேள்வி (மதுரை): என் மாமியார், "உசிரை எடுக்க நாம யாரு, தானாப் போகட்டும், பாவத்தைச் சேர்க்காதே" என்கிறார். எனக்கும் மனசு வரவில்லை.

அம்மா, உங்கள் மாமியார் மனதில் இருப்பது தூக்கத்தில் அமைதியாகப் போகும் சாவு. குதிரைக்கு அது அபூர்வம். 400, 450 கிலோ உடம்பு விழுந்து கிடந்தால் அடிப்பக்கத்துச் சதை நசுங்கும், நுரையீரல் அழுந்தும், எழ முயன்று முயன்று கண்ணும் இடுப்பும் புண்ணாகும். ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் எடுக்கும். தானாகப் போவது என்றால் அதுதான். பாவ புண்ணியம் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை. இதை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள், முடிந்தால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டமே, உயிரோடு வைப்பது கொடுமை என்னும் நிலையில் மிருகத்தின் உயிரை முடிக்க 13ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. டாக்டரிடம் எழுத்தில் ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: உயிரை முடிக்கும் ஊசி போடும்போது என்ன நடக்கும்? நான் பக்கத்தில் இருக்கலாமா?

முதலில் மயக்க ஊசி, தலை தொங்கும். அப்புறம் கழுத்து ரத்தக்குழாயில் தியோபென்டால் அல்லது பென்டோபார்பிடால் அதிக அளவில். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கால் மடங்கி விழும். சில நேரம் முன்பக்கமாக, வேகமாக விழும். கயிற்றைப் பழக்கப்பட்டவர் பிடிக்கட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். விழுந்த பிறகு இரண்டு மூன்று பெருமூச்சு வரலாம், சதை துடிக்கும், கண் திறந்தே இருக்கும். அப்போது அதற்கு உணர்வு கிடையாது, இதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். டாக்டர் கண்ணைத் தொட்டுப் பார்த்து, இதயத்தைக் கேட்டு உறுதி செய்வார். பார்க்க முடியாது என்றால் முன்னாலேயே விடைபெற்றுவிட்டு உள்ளே போய்விடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். எல்லாரிடமும் இருக்காது.

கேள்வி: உடலை என்ன செய்வது?

ஜே.சி.பி.யை முந்தின நாளே வரச்சொல்லிக் குழி வெட்டிவிடுங்கள். கிணறு, ஓடை, போர்வெல் பக்கம் வேண்டாம். உடலுக்கு மேல் குறைந்தது நாலடி மண் வர வேண்டும். குழியை ஒட்டியே ஊசி போட்டால் இழுக்கும் கொடுமை இருக்காது. அந்த மருந்து உடலில் மாதக்கணக்கில் இருக்கும், தின்கிற நாயும் கழுகும் சாகும். எனவே காட்டில், ஏரிக்கரையில் போடுவது கூடவே கூடாது. வாடகை இடம் என்றால் நில உரிமையாளரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் இப்போதே பேசி வையுங்கள்.

கேள்வி: கூட இருந்த கழுதை?

உடலை மூடும் முன் பார்க்கவிடுங்கள். மோந்து பார்க்கும், கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் புல்லுக்குப் போய்விடும். பார்க்காத துணைதான் நாள்கணக்கில் கத்தித் தேடும். தனியாக விடாதீர்கள், ஆடாவது பக்கத்தில் கட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): என் குதிரைக்கு 17 வயதுதான், நன்றாக இருக்கிறான். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை, டெட்டனஸ் ஊசி (குதிரைக்கு அது சுலபமாக வரும்), ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டு. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் ஒரு போட்டோ, நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து ஓர் அளவு. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை லாயச் சுவரில் எழுதி வையுங்கள். வயதாகிறதே என்று சவாரியை நிறுத்திவிடாதீர்கள், மூட்டு இறுகிவிடும். நடையும் மெதுவான ஓட்டமுமாகத் தினமும் அரைமணி போதும்.