பத்துக் கோழிக் கூண்டில் நான்கு கோழி

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொல்லையிலோ மொட்டைமாடியிலோ நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் எழுதியவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். விலைகளை மட்டும் எழுதியவாறே விட்டிருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் "10 கோழிகளுக்கான கூண்டு" என்று பார்த்து 7,800 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கடி நீளம், இரண்டடி அகலம். எட்டுக் கோழிகள் பகலிலும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒன்றையொன்று கொத்தி, முதுகில் இறகே இல்லை. முட்டைகளும் உடைகின்றன. என்ன நோய் இது? (கோயம்புத்தூர்)

பதில்: கோழிகளுக்கு நோய் இல்லை, இடம்தான் இல்லை. நான்கடிக்கு இரண்டடி என்பது எட்டுச் சதுர அடி. பகல் முழுவதும் வெளியே மேய்ந்துவிட்டு இரவில் அடைவதற்கு மட்டும் வரும் கோழிக்கே தலைக்கு இரண்டு சதுர அடி வேண்டும் என்பதால், நீங்கள் வாங்கியது நான்கு கோழிகளுக்கான கூண்டு. பகலும் அதற்குள்ளேயே கழிய வேண்டுமென்றால் இரண்டுக்கு மேல் விடக் கூடாது. கூண்டுப் பண்ணைகளில் ஒரு முட்டைக் கோழிக்கு ஏ4 தாள் ஒன்றைவிடக் குறைவான இடமே ஒதுக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் பழகியவருக்குப் பத்து என்ற எண்ணே தாராளமாகத் தோன்றியிருக்கும்.

இது என் நெடுநாள் மனக்குறை. தண்ணீர்த் தொட்டியை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். "ஆறு பேர் குளிக்கும் தொட்டி" என்று ஒருவர் விற்க வந்தால் சிரித்து அனுப்பிவிடுவோம். கூண்டை மட்டும் தலைக்கணக்கில் விற்கிறார்கள், நாமும் அளவு நாடாவைத் தொடாமல் பணத்தை அனுப்பிவிடுகிறோம். தரைப் பரப்புக்கு அடுத்தபடியாக, கோழி அடைவதற்கு உள்ளே குறுக்காக வைத்திருக்கும் கழியை அளந்து பாருங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று கொண்டால் நான்கடிக் கழியில் ஆறுதான் அமரும். விளம்பரம் சொன்ன பத்தில் மீதி நான்கு எங்கே உறங்கும்? முட்டைப் பெட்டிக்குள் உறங்கும், அங்கேயே எச்சமிடும், மறுநாள் முட்டை எச்சத்தில் கிடக்கும். கோழி உயரமான இடத்தைத் தேடியே அடையும் என்பதால் முட்டைப் பெட்டி எப்போதும் கழியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக, சற்று இருட்டாக அமைந்த பெட்டி ஒன்று நான்கைந்து பெட்டைகளுக்குப் போதும். எட்டுக் கோழிகளுக்கு ஒரே பெட்டி என்றால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டையை உடைக்கவே செய்யும். உடைந்ததை ஒருமுறை ருசி பார்த்த கோழி, பிறகு தானே கொத்தி உடைத்துக் குடிக்கப் பழகிவிடும். இப்போதைக்கு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, முட்டைகளை நாளுக்கு இருமுறை எடுத்துவிடுங்கள்.

வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடத்துக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். பச்சை வண்ணம் பூசி, ஓட்டு வீட்டின் முகப்பைப் போலச் செய்திருந்த மரக்கூண்டு ஒன்றை அதன் அழகில் மயங்கி வாங்கினேன். அறுகோணக் கண்கள் உள்ள மெல்லிய கோழிவலையைக் குண்டூசி போன்ற ஆணிகளால் அடித்திருந்தார்கள். அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர மரநாயை வெளியே நிறுத்தாது என்பது பதினோராம் நாள் காலையில் தெரிந்தது. வலையின் ஒரு மூலை பாயைச் சுருட்டியதுபோல் மேலே சுருண்டிருந்தது. ஐந்தில் இரண்டு கோழிகள் மட்டும் கழியின் கோடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடித்த கூண்டு பார்ப்பதற்குச் சிறை போலத்தான் இருக்கும். அதையே வாங்குங்கள்.

உங்கள் பணத்துக்கு வருவோம். விளம்பரத்தையும் கூண்டின் அளவையும் படம் எடுத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதுவரை கோழிகளைப் பகலில் வெளியே விடுங்கள்.

கேள்வி: பள்ளி வாசலில் மகள் கேட்டாள் என்று இரண்டு கலர்க் கோழிக்குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தேன். பெரிதானால் முட்டையிடுமா? (விருதுநகர்)

பதில்: எதிர்பார்க்காதீர்கள். முட்டைக் கோழி இனங்களின் பொரிப்பகங்களில் வேண்டாமென்று ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகளுக்கே பெரும்பாலும் இந்தச் சாயத்தை ஏற்றுகிறார்கள். அடுத்த முறை பலூன் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: 25 குஞ்சுகளைத் தட்டியால் வளைத்த இடத்தில் விட்டு, மின்சாரம் மிச்சமாகுமே என்று 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டைப் போட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கிய ஆறு இறந்துவிட்டன. பல்பு நிறுவனத்தின் மீது புகார் செய்யலாமா? (தேனி)

பதில்: எந்தக் குறைக்காகச் செய்வீர்கள்? சூடாகி மின்சாரத்தை வீணாக்காது என்று சொல்லி விற்றார்கள், அது சூடாகவில்லை. குஞ்சுக்கு வேண்டியதோ அந்தச் சூடுதான். முதல் வாரத்தில் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பழைய கணக்கு, அதன்படி 60 வாட் குண்டு பல்பு ஒன்று உங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். வெப்பமானி இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, தட்டியோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்துக் கிடந்தால் சரியாக இருக்கிறது. ஆறு குஞ்சுகள் சாகும்வரை நீங்கள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில், குஞ்சு 110 ரூபாய் வீதம் 50 குஞ்சுகள் வாங்கினேன். பிறந்து ஒரு நாள் ஆனவை. அசல் சிறுவிடை நாட்டுக்கோழி என்றும் எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்றும் சொன்னார்கள். ஐந்தாம் வாரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, பதினொரு நாளில் 41 போய்விட்டன. என் வீட்டுத் தண்ணீர் சரியில்லை என்கிறார் விற்றவர். இப்போது போனையும் எடுப்பதில்லை. ரசீது கொடுக்கவில்லை. நான் ஏமாளியா ஐயா? (மணப்பாறை)

பதில்: இல்லை அம்மா. "எல்லாத் தடுப்பூசியும்" என்று ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது நம்புவது உங்கள் பிழையல்ல. அப்படிச் சொன்னவரின் பிழை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சலுடையவை போலவே இருக்கின்றன. அது வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது, முன்னதாகத் தடுப்பதுதான் ஒரே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தையொட்டி இறக்கையில் ஊசி என்பது வழக்கமான முறை. ஆகவே ஒரு நாள் வயதுக் குஞ்சுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்பது நடக்கக்கூடிய காரியமே அல்ல. பொரிப்பகத்தில் முதல் நாள் போடுவது பெரும்பாலும் மேரக்ஸ் என்ற வேறொரு நோய்க்கான ஊசி. கழிச்சலைத் தடுக்க அது உதவாது. அந்த ஒன்றைக் காட்டியே எல்லாம் போட்டதாகச் சொல்லும் விற்பனையாளர்கள் பலர் இருக்கிறார்கள். எந்த நோய்க்கு, எந்த நாளில், எந்தத் தொகுதி எண்ணுள்ள மருந்து என்று எழுதித் தரச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் மீந்த ஒன்பதைக் கவனியுங்கள். அவற்றையோ வேறு கோழிகளையோ இப்போது சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம். இறந்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இன்னொன்று இறக்க நேர்ந்தால் தாமதிக்காமல் பனிக்கட்டி வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று, பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கை பெற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் சரியில்லை என்ற வாதத்துக்கு அதுவே பதில்.

ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம். விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம் ஆகிய மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். 1915இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. நீங்கள் வியாபாரத்துக்காக வாங்கினீர்கள் என்று அவர் வாதிட்டால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்குபவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது என்பதைச் சொல்லுங்கள். அடுத்த குஞ்சுகளை வாங்குவதற்கு முன் கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில வாரம் காலியாக விடுங்கள். கழிச்சல் தடுப்பு மருந்தை அரசு கால்நடை மருந்தகத்திலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். பிப்ரவரியில் இரு வார முகாமும் நடத்துகிறார்கள்.

கேள்வி: என் கோழி இரண்டு வாரமாக முட்டையிடவில்லை. பெட்டியை விட்டு எழுவதில்லை, கையை நீட்டினால் சிலிர்த்துக் கொத்துகிறது. 480 ரூபாய்க்கு முட்டை டானிக் வாங்கினேன், பலனில்லை. (தஞ்சாவூர்)

பதில்: அது குஞ்சு பொரிக்க அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பாட்டியைக் கேட்டிருந்தால் 480 ரூபாய் மிச்சம்.

கேள்வி: பழைய மரக்கூண்டு மலிவாக வந்தது, 1,200 ரூபாய். அதில் விட்டதிலிருந்து கோழிகள் இரவில் உள்ளே போக மறுக்கின்றன, கொண்டை வெளுத்துவிட்டது. பகலில் பார்த்தால் பூச்சி எதுவும் தெரியவில்லை. (திண்டுக்கல்)

பதில்: பகலில் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துச் சென்று, கழியின் அடிப்புறத்திலும் மர மூட்டுகளிலும் அழுத்தித் துடைத்துப் பாருங்கள்; துணியில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் செள்ளு என்ற சிறு பூச்சி இருக்கிறது. அது பகல் முழுவதும் பிளவுகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழி மீது மட்டும் மருந்து அடிப்பவர்கள் தோற்பது இதனால்தான். கூண்டைக் காலி செய்து, பிளவுகளைச் சுரண்டி, வெயிலில் காயவைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்ல, அவர் சொன்ன அளவில் அடித்து, செள்ளின் முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்து வருபவற்றுக்காக ஒரு வாரம் கழித்து மீண்டும் அடியுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள், அந்தக் கோழியின் முட்டையை நீங்கள்தான் சாப்பிடப் போகிறீர்கள். கொல்லையில் ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து குவித்தால் கோழிகள் புரண்டு மண்குளியல் போட்டுக்கொள்ளும். பழைய கூண்டை யார் விற்கிறார்கள், ஏன் விற்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கினீர்களா?

கேள்வி: நான்கு நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். 48 முட்டை பிடிக்கும் தானியங்கி இன்குபேட்டர் 6,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையில் பொரிப்பு குறையும், நான்கு கோழிகளிடமிருந்து ஒரு வாரத்தில் 48 முட்டை ஒருநாளும் சேராது. அடைக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தானே புரட்டி, தானே சூடு கொடுத்து 21 நாளில் பொரித்துத் தரும். நான் வாங்கிய இயந்திரத்தின் முகப்பில் 37.7 டிகிரி செல்சியஸ் என்று சிவப்பு எண்கள் அசையாமல் ஒளிர்ந்தன. சந்தேகம் வந்து வீட்டிலிருந்த காய்ச்சல் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தபோது 39ஐத் தாண்டியிருந்தது. அன்று பதினான்காம் நாள். முப்பது முட்டைகளில் இரண்டு பொரிந்தன, இரண்டுக்கும் கால் நேராக இல்லை. உத்தரவாத அட்டையில் முட்டைகளுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்ததை அதற்குப் பிறகே படித்தேன். இருந்தும் வாங்குவதானால், முட்டை வைப்பதற்கு முன் இரண்டு நாள் வெறுமனே ஓடவிட்டு, தனி வெப்பமானியால் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறும் பெட்டை என்று உறுதி சொல்லி விற்ற குஞ்சுகளில் நான்கு இப்போது கூவுகின்றன. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? (காரைக்குடி)

பதில்: கேளுங்கள், அவர் உறுதி சொன்னதை எழுத்தில் வைத்திருந்தால் விடாமல் கேளுங்கள். நாட்டுக் குஞ்சில் ஆறேழு வாரம் ஆகிக் கொண்டை சிவக்கத் தொடங்கும்வரை வெளித்தோற்றத்தை வைத்துப் பெட்டை என்று உறுதி சொல்வது கடினம். நான் ஐந்து வாங்கியதில் மூன்று கூவின. விற்றவரிடம் போய்க் கேட்டபோது, கூவும் பெட்டை ராசியானது என்று சொல்லி, கூடுதலாக இன்னொரு குஞ்சைக் கையில் கொடுத்தார். அதுவும் கூவியது.